புதிதாக வந்த மரத்தவளை தொட்டியில் நிலைகொள்ள: காவிரிப் படுகை வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

செல்லப்பிராணிக் கடைகளில் இன்று அதிகம் பேசப்படும் மரத்தவளைகள் இரண்டு. ஒன்று, ஆஸ்திரேலியாவையும் நியூ கினியையும் சேர்ந்த வைட்ஸ் மரத்தவளை. உருண்டு திரண்ட உடலால் இதற்கு ‘டம்பி’ என்ற பெயரும் உண்டு. மற்றது, மத்திய அமெரிக்க மழைக்காடுகளைச் சேர்ந்த செங்கண் மரத்தவளை. இவற்றின் வளர்ப்பு பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. தொட்டியை எப்படிச் சூடாக்குவது என்பதிலேயே அவற்றின் கவனம் செல்கிறது. தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ திருத்துறைப்பூண்டியிலோ இருப்பவருக்கு அந்தக் கவலை ஏறக்குறைய இல்லை. இங்கே புதுத் தவளையின் முதல் மாதத்தைத் தீர்மானிப்பவை வெயில், தண்ணீர், வீட்டுக்குள் நாம் பயன்படுத்தும் பூச்சி மருந்துகள் ஆகிய மூன்றுமே. ஆகவே அவற்றுக்கு இங்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

வாங்குவதற்கு ஏற்ற மாதம் எது?

தை, மாசி மாதங்கள். மழைக்காலம் ஓய்ந்து, பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியும் இரவு வெப்பம் 20 டிகிரிக்குச் சற்று மேலேயும் நிற்கும் காலம் அது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஓர் இரவுப் பயணத்தில் கொண்டுவரும்போது பெட்டிக்குள் வெப்பம் ஏறாது. வந்த பிறகும் வெயில் கடுமையாவதற்குள் தவளை இடத்துக்குப் பழகிவிட இரண்டு மாத அவகாசம் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் வாங்குவதை, குறிப்பாக அக்கினி நட்சத்திர நாட்களில் வாங்குவதை, கூடாது என்றே சொல்வேன். பயணத்தில் நீர் வற்றிய தவளை, மூச்சுவிடவும் நேரமில்லாமல் 38 டிகிரி வெயிலைச் சந்திக்க நேரும். விற்பவர் விலையைக் குறைத்தாலும் காத்திருப்பதே நல்லது.

சட்டப்படி வளர்க்கலாமா?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-க்குச் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டிஸின் பட்டியலில் இடம்பெற்ற வெளிநாட்டு உயிரினங்கள், இந்தத் திருத்தத்தின்படி நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றை வைத்திருப்பவர், 2024-இல் வெளியான விதிகளின்படி ஒன்றிய அரசின் ‘பரிவேஷ் 2.0’ இணையவாயிலில் பதிவு செய்ய வேண்டும். செங்கண் மரத்தவளை 2010 முதல் சைட்டிஸின் இரண்டாம் பிற்சேர்க்கையில் இருக்கிறது. எனவே அதற்குப் பதிவு தேவை. வைட்ஸ் மரத்தவளை அந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் எதை வாங்கினாலும் ரசீது கேட்டுப் பெறுங்கள். வளர்ப்பிலேயே பிறந்ததா, காட்டில் பிடிக்கப்பட்டதா என்பதையும் கேளுங்கள். வளர்ப்பில் பிறந்தது புழுத்தொல்லை குறைந்தது. மனித நடமாட்டத்துக்கும் எளிதில் பழகும்.

தவளை வருவதற்கு முன் எவற்றை ஆயத்தமாக வைக்க வேண்டும்?

அகலத்தைவிட உயரம் கூடிய கண்ணாடித் தொட்டி வேண்டும். வளர்ந்த வைட்ஸ் தவளை இரண்டுக்கு 45 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் குறைந்தபட்ச அளவு. மேல்மூடி கம்பிவலையாக இருக்கட்டும். ஆனால் முதல் சில வாரங்களுக்கு இந்தத் தொட்டியைச் செடியும் மண்ணுமாக அலங்கரிக்காமல் வெறுமையாகவே வையுங்கள்: தரையில் நனைத்துப் பிழிந்த, அச்சும் மணமும் இல்லாத டிஷ்யூ, சாய்வாக வைத்த ஒன்றிரண்டு மூங்கில் துண்டுகள், ஒளிந்துகொள்ள அகலமான பிளாஸ்டிக் இலைகள், ஆழமற்ற தண்ணீர்க் கிண்ணம். இவ்வளவு போதும். எச்சம் எப்படி இருக்கிறது, பூச்சியைத் தின்றதா இல்லையா என்பன வெள்ளை டிஷ்யூவில் உடனே தெரியும். மண்ணில் ஒன்றும் தெரியாது.

தொட்டியின் மேற்பகுதியில் ஒன்றும் அடிப்பகுதியில் ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகளையும், ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்றையும் வைத்து, தவளை வருவதற்கு ஒரு வாரம் முன்பே அளவுகளைக் குறித்து வாருங்கள். பகல் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டின் அந்த மூலையில் எவ்வளவு வெப்பம் நிற்கிறது என்று தெரியாமல் தவளையைக் கொண்டுவருவது ஆபத்தானது. மேற்குச் சுவர், அடுப்படிக்கு ஒட்டிய அறை, கான்கிரீட் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை ஆகிய மூன்றும் வேண்டாம். முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடாக இருந்தால், வடக்குத் தாழ்வாரத்தை ஒட்டிய உள்ளறை பெரும்பாலும் வீட்டிலேயே குளிர்ந்த இடமாக இருக்கும்.

எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவது?

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோல் வழியாகவே நீரை உறிஞ்சுகிறது. நீரில் கரைந்திருப்பது எதுவாயினும், நல்லதும் கெட்டதும், அதே வழியாக உடலுக்குள் போகும். மனிதர் குடித்து நலமாக இருக்கும் தண்ணீர் தவளைக்கும் நல்லதுதான் என்று எண்ண இடமில்லை. நம் பகுதியில் கிடைக்கும் ஒவ்வொரு வகைத் தண்ணீரையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

ஊராட்சி மேல்நிலைத் தொட்டித் தண்ணீரிலும் கொள்ளிடம் கூட்டுக் குடிநீரிலும் கிருமிநீக்கத்துக்காகக் குளோரின் சேர்க்கப்படுகிறது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்ட நாளில் அதன் வாடை மூக்கிலேயே ஏறும். வாய் அகன்ற பாத்திரத்தில் 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். ஆனால் குளோரமின் என்ற சேர்மம் கலந்திருந்தால் அது அப்படிப் போகாது. எனவே வளர்ப்பு மீன் கடைகளில் ‘ஆன்டி குளோரின்’ என்று விற்கப்படும் மருந்துகளில் குளோரமினையும் நீக்கும் வகையைக் கேட்டு வாங்கி, புட்டியில் குறித்த அளவுப்படி சேர்ப்பது பாதுகாப்பானது.

ஆழ்குழாய்த் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும். கும்பகோணம், திருவையாறு போன்று ஆற்றை ஒட்டிய இடங்களில் போர் தண்ணீர் நன்றாக இருப்பது உண்டு. வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி என்று கடற்கரையை நெருங்க நெருங்க உப்பு ஏறிவிடும். உப்புநீரில் உட்கார்ந்த தவளை நீரை உறிஞ்சுவதற்கு மாறாக உடலிலுள்ள நீரையே இழக்கத் தொடங்கும். நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மானி ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கரைந்த உப்புகளின் விரும்பத்தக்க வரம்பாக லிட்டருக்கு 500 மில்லிகிராமைச் சொல்கிறது. அதைத் தாண்டிய தண்ணீரைத் தவளைக்கு வைக்காமல் விடுவதே என் பரிந்துரை. உப்பு மிகுந்த ஊர்களில் கேன் தண்ணீரையோ, ஆர்.ஓ. தண்ணீருடன் குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரைக் கலந்தோ பயன்படுத்தலாம். தாதுக்களே இல்லாத வடிநீரைத் தனியாகக் கிண்ணத்தில் ஊற்றுவது ஏற்றதன்று; கண்ணாடியில் வெள்ளைக் கறை படியாமல் தெளிப்பதற்கு மட்டும் அது உதவும்.

ஐப்பசி, கார்த்திகை மழைநீர் நல்ல நீர்தான். ஆனால் ஓட்டிலும் சிமென்ட் தளத்திலும் வழிந்து வரும் நீர் தூசி, பறவை எச்சம், சுண்ணாம்பு எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும். மழை வலுத்து அரை மணி நேரம் ஆன பின், திறந்த வெளியில் வைத்த பாத்திரத்தில் நேராக விழுந்த நீரை மட்டும் எடுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனத்தில் வைக்க வேண்டிய ஒன்று, தண்ணீரைச் சேமிக்கும் பாத்திரம். நம் வீடுகளில் செம்புத் தவலையிலும் பித்தளைக் குடத்திலும் தண்ணீர் பிடித்து வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தாமிரம் சிறிதளவு கரைந்தாலும் தவளைக்கும் மீனுக்கும் நஞ்சு. தவளைக்கான தண்ணீரை மண்பானையிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ உணவுத்தரப் பிளாஸ்டிக் குடத்திலோ தனியாக வைத்து, வீட்டில் அனைவருக்கும் அதைச் சொல்லிவையுங்கள். கிண்ணத்துத் தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். தவளை அதிலேயே மலம் கழிப்பதால் ஒரு நாள் விட்டாலும் கெட்டுவிடும்.

முதல் நாள், பெட்டியைத் திறந்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

பெட்டியைத் திறக்காமல் தொட்டி இருக்கும் அறையில் அரை மணி நேரம் வையுங்கள். பின்னர் விளக்கைக் குறைத்து, மேலே சொன்னபடி குளோரின் நீக்கிப் பக்குவப்படுத்திய தண்ணீர் ஆழமின்றி ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவில் தவளையைக் கால் மணி நேரம் உட்காரவிடுங்கள். தண்ணீர் அறை வெப்பத்திலேயே இருக்க வேண்டும். தவளையின் உடல் உயரத்தில் பாதிக்கு மேல் ஏறக்கூடாது. பயணத்தில் இழந்த நீர் இதில் பெரும்பாலும் மீண்டுவிடும். அந்த நேரத்திலேயே கண், மூக்கு, வயிறு, விரல் நுனிகள் ஆகியவற்றில் காயம் உண்டா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, டப்பாவைத் தொட்டிக்குள் சாய்த்து வைத்து விலகிவிடுங்கள். அது தானாக ஏறிக்கொள்ளும். அன்றிரவு இரை போட வேண்டாம். உறவினரை அழைத்துக் காட்டவும் வேண்டாம்.

வந்ததிலிருந்து ஒரே மூலையில் அசையாமல் இருக்கிறது. பச்சை நிறமும் பழுப்பாகிவிட்டது. நோயா?

பெரும்பாலும் இல்லை. மரத்தவளைகள் இரவில் இயங்குபவை. பகலில் கால்களை உடலோடு சேர்த்து மடக்கி, கண்களை மூடி அசையாமல் கிடப்பது அவற்றின் இயல்பு. புது இடத்தில் இரவிலும் சில நாட்கள் அப்படியே இருக்கக்கூடும். வைட்ஸ் தவளை அச்சத்திலும் குளிரிலும் இருண்ட பின்னணியிலும் பழுப்பாக மாறும். மனம் அமைதியானதும் பச்சை திரும்பும். செங்கண் தவளையும் இரவில் நிறம் அடர்ந்து காட்டும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

முதல் ஏழு முதல் பத்து நாட்கள் தண்ணீர் மாற்றுவது, இரை போடுவது, எச்சம் எடுப்பது ஆகியவற்றுக்கு மட்டும் தொட்டியைத் திறங்கள். மூன்று பக்கக் கண்ணாடிக்கு வெளியே காகிதம் ஒட்டி மறைத்தால், ஆள் நடமாட்டத்தைக் கண்டு அது மிரளுவது குறையும். கண்ணாடியில் மூக்கைத் திரும்பத் திரும்ப மோதிக்கொள்ளும் தவளைக்கு இந்த மறைப்பு மிகவும் அவசியம். மூக்கில் ஏற்படும் புண்ணில் சீழ் வைத்துவிடும். தொலைக்காட்சிக்கும் ஒலிபெருக்கிக்கும் அருகில் தொட்டியை வைக்காதீர்கள். நாள்தோறும் 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்ற ஒழுங்கு நிலைபெற்றால் தவளையும் விரைவில் நிலைகொள்ளும். இரவு விளக்கு வேண்டாம்.

ஐந்து நாட்களாக ஒன்றும் தின்னவில்லையே?

நல்ல உடற்கட்டோடு வந்த வளர்ந்த தவளை ஒரு வாரம், சில வேளை பத்து நாட்கள்கூட, தின்னாமல் இருப்பது அச்சத்துக்குரியதன்று. குட்டித் தவளைக்கு அவ்வளவு இருப்பு உடலில் இராது. நான்கு நாட்களைத் தாண்டினால் ஆராய வேண்டும். வெப்பம் சரியாக இருக்கிறதா, ஒளிந்துகொள்ள இடம் போதுமா, பகலில் இரை போடுகிறோமா என்று முதலில் பாருங்கள். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து மூன்று, நான்கு சிறு கிரிக்கெட் பூச்சிகளை மட்டும் விட்டுவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். காலையில் மிஞ்சியவற்றை எடுத்துவிட வேண்டும். பசித்த கிரிக்கெட் தூங்கும் தவளையின் தோலைக் கடிக்கும். வாயைத் திறந்து இரையைத் திணிப்பது மருத்துவர் செய்யக்கூடிய செயலே தவிர, வீட்டில் முயலக்கூடியது அன்று.

வயலில் வெட்டுக்கிளி தாராளமாகக் கிடைக்கிறது. அதையே போடலாமா?

வேண்டாம். குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் மருந்து தெளிக்கப்படும் நெல்வயல்களில் பிடித்த பூச்சி, சாகாமல் துள்ளிக்கொண்டிருந்தாலும் உடலில் மருந்து ஏந்தியிருக்கலாம். நீங்கள் தெளிக்காவிட்டாலும் அடுத்த வயலில் தெளித்திருப்பார்கள். வெட்டுக்கிளிக்கு வரப்பு எல்லையன்று. மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத இரைதான். மின்மினியில் இயல்பாகவே நஞ்சு உண்டு. அதைத் தவறியும் போடக்கூடாது.

கிரிக்கெட், தூபியா கரப்பான் போன்று பண்ணையில் வளர்த்த பூச்சிகளே அன்றாட இரை. மீல்வோர்ம், சூப்பர்வோர்ம் இரண்டிலும் கொழுப்பு மிகுதி, எப்போதாவது தரலாம். பூச்சியின் அகலம் தவளையின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தை மீறக்கூடாது. போடுவதற்கு முந்தைய நாள் பூச்சிகளுக்குக் கேரட், பூசணி, முருங்கைக்கீரை தின்னக் கொடுங்கள். அந்தச் சத்து தவளைக்குப் போய்ச் சேரும். கீரையும் காயும் மருந்து அடிக்காதவையாக, நன்றாகக் கழுவியவையாக இருக்க வேண்டும். வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம் தூளைக் குட்டிகளுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு இரையிலும், வளர்ந்தவற்றுக்கு ஒன்றுவிட்டு ஒன்றிலும் தூவலாம். பல்வைட்டமின் தூள் வாரம் ஒருமுறை போதும். அதில் ரெட்டினால் வடிவிலான வைட்டமின் ஏ இருக்கிறதா என்று சீட்டில் பாருங்கள். கேரட்டில் உள்ள நிறமியை வைட்டமின் ஏ ஆக மாற்றும் திறன் தவளைகளுக்கு மிகக் குறைவு. அந்தச் சத்துக் குறைந்தால் நாக்கின் பசைத்தன்மை கெட்டு, இரையை நோக்கி நாக்கை நீட்டியும் பிடிக்க முடியாமல் போகும்.

குட்டிகளுக்கு நாள்தோறும், வளர்ந்தவற்றுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரை தந்தால் போதும். வைட்ஸ் தவளை கொடுத்ததையெல்லாம் தின்னும். கண்ணுக்கு மேலே உள்ள மடிப்பு தொங்கிக் கண்ணை மறைக்கத் தொடங்கினால் இரையைக் குறைக்க வேண்டும்.

கோடையில் வீட்டுக்குள்ளேயே 36 டிகிரி ஆகிறது. எப்படிச் சமாளிப்பது?

வைட்ஸ் தவளைக்குப் பகலில் 24 முதல் 29 டிகிரி ஏற்றது. 32-க்கு மேல் நீண்ட நேரம் நிற்க விடக்கூடாது. செங்கண் தவளைக்கு 28-ஐத் தாண்டினாலே கவனம் தேவை. குளிர்சாதன வசதி இல்லாத வீட்டில் செங்கண் தவளையை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். டெல்டாக் கோடையை அதனால் தாங்க முடியாது.

முதல் வழி, இடம். தொட்டியைத் தரைத்தளத்து உள்ளறைக்கு, தரையிலிருந்து இரண்டடிக்குள், இறக்குங்கள். சூடான காற்று மேலே ஏறுவதால் அலமாரியின் உச்சிக்கும் தரைக்கும் வெப்ப வேறுபாடு நன்றாகவே தெரியும். சன்னல்களைக் காலை ஒன்பது மணிக்கு முன் அடைத்து, மாலை காற்று வந்ததும் திறங்கள். தொட்டி விளக்குகளைப் பகல் வெப்பம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அணைத்துவிடலாம். விளக்கின் சூடு மட்டுமே இரண்டு மூன்று டிகிரியைக் கூட்டும்.

இரண்டாவது, நீர் ஆவியாவதால் வரும் குளிர்ச்சி. கம்பிவலை மூடியின் பாதிப் பரப்பில் நனைத்த கதர்த் துணியை விரித்து, மின்விசிறிக் காற்று அதன்மேல் பக்கவாட்டில் படுமாறு செய்தால் உள்ளே வெப்பம் இறங்கும். மூடி முழுவதையும் மூடிவிட்டால் காற்றோட்டம் நின்று உள்ளே புழுங்கும். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து வறண்ட வெயிலில் இந்த முறை நன்றாகப் பலிக்கும். நாகப்பட்டினம், காரைக்கால் கரையோரத்தில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் ஈரத்துணியின் பயன் குறைவு. அங்கே உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி வலைமூடியின் மேல் ஓர் ஓரமாக வைப்பது பயன்தரும். குளிர்ந்த காற்று கீழே இறங்கும்; தவளை வேண்டியபோது அந்தப் பக்கம் வரும், வேண்டாதபோது விலகும். தொட்டிக்குள் பனிக்கட்டி போடுவதும் குளிர்நீரில் தவளையை முக்குவதும் அதிர்ச்சியை உண்டாக்கும்.

குளிர்சாதனம் இருக்கும் அறையானால் 26 அல்லது 27 டிகிரியில் வையுங்கள். அதன் காற்று தொட்டியின்மீது நேராகப் படக்கூடாது. காற்று வறண்டுபோவதால் தெளிப்பையும் சற்றுக் கூட்ட வேண்டும்.

மின்தடையைப் பொறுத்தவரை, கோடைத் தடைக்கே அதிகம் அஞ்ச வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரைகடந்தபோது பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. ஆனால் கார்த்திகை மாத வெப்பம் தவளைக்கு இயல்பாகவே ஏற்றது. புயல் காலத்தில் தேவைப்படுவது பக்குவப்படுத்திய தண்ணீர் இருப்பும் இரைப்பூச்சி இருப்பும்தான். மே மாதத்து மூன்று மணி நேரத் தடையோ தவளையின் உயிரை வாங்கிவிடக்கூடும். அந்த மாதங்களில் உறைபெட்டியில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகள் எப்போதும் இருக்கட்டும்.

நாளுக்கு எத்தனை முறை தண்ணீர் தெளிக்க வேண்டும்?

ஹைக்ரோமீட்டர் சொல்லும்படி. வைட்ஸ் தவளைக்குப் பகலில் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் போதும். செங்கண் தவளைக்கு 60 முதல் 80 வேண்டும். பங்குனி, சித்திரையில் மாலையில் ஒரு தெளிப்பும் காலையில் ஒரு தெளிப்பும் தேவைப்படும். ஐப்பசி அடைமழையில் வெளியே காற்று தொண்ணூறைத் தொடும்போது தெளிக்கவே தேவையில்லை. அந்த மாதங்களில் ஈரம் வற்றாத தொட்டியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். நாளில் ஒரு வேளையாவது தொட்டியின் தரை ஏறக்குறைய உலர்ந்து மீண்டும் நனைய வேண்டும்.

கொசுவர்த்தியும் சாம்பிராணியும் ஏற்றலாமா?

தவளை இருக்கும் அறையில் கூடாது. கொசுவர்த்திச் சுருள், மின்சாரத்தில் செருகும் திரவக் கொசுவிரட்டி, கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரே ஆகியவற்றில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளே உள்ளன. தவளை நுரையீரலால் மட்டுமன்றித் தோலாலும் சுவாசிப்பதால், நமக்கு வாடையாக மட்டும் தெரிவது அதன் உடலுக்குள் நேரே இறங்கும். வாய்க்கால் கரையோர வீட்டில் கொசுவைச் சகித்துக்கொண்டு இருங்கள் என்று சொல்ல மாட்டேன். சன்னலுக்கு வலை அடித்து, படுக்கைக்குக் கொசுவலை கட்டுவதே இரு தரப்புக்கும் பொருந்தும் வழி. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைப் பூஜையறையோடு நிறுத்தி, இடைக்கதவைச் சாத்திவிடலாம். அந்த அறையின் தரையை ஃபீனைல் இல்லாமல் வெறும் தண்ணீரால் துடையுங்கள். ஊராட்சியிலிருந்து கொசுப்புகை அடிக்க வரும் மாலையில் சன்னல்களை அடைத்து, தொட்டியின் மேல் ஈரத்துணி போர்த்தி, புகை அடங்கியதும் நீக்கிவிடுங்கள்.

எறும்பு, பல்லி?

தொட்டி நிற்கும் மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். நம் அடுப்படி அலமாரிகளுக்குக் காலங்காலமாகச் செய்வதுதான். எறும்புப்பொடியும் சாக்பீஸும் அருகில் வரக்கூடாது. செத்த கிரிக்கெட்டை உடனே எடுத்துவிட்டால் எறும்புக்கு வர வேலையில்லை. பல்லி உள்ளே நுழையாதபடி மூடியின் இடுக்குகளை அடைத்துவிடுங்கள்.

கையில் எடுத்துப் பழக்கலாமா?

முதல் மாதம் எடுக்க வேண்டாம். அதன் பிறகும், தொட்டியைக் கழுவவும் எடை பார்க்கவும் மட்டும் எடுப்பதே தவளைக்கு நல்லது. வைட்ஸ் தவளை கையில் அமைதியாக உட்கார்ந்திருப்பது உண்மைதான். ஆயினும் நம் தோலின் உப்பும் எண்ணெயும் கைச் சூடும் அதற்கு ஒவ்வாதவை. சோப்புப் போடாமல் நன்கு கழுவி, குளோரின் நீக்கிய தண்ணீரில் நனைத்த கையாலோ, பொடி இல்லாத கையுறையை நனைத்தோ எடுங்கள். வேப்பெண்ணெய், தலைவலித் தைலம், சந்தனம் பூசிய கை அறவே கூடாது. வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவுவது உங்களுக்காக: அதன் தோலில் ஊறும் திரவம் கண்ணில் பட்டால் எரியும்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தேரை பட்டால் குழந்தை தேய்ந்துவிடும் என்று பாட்டி தடுக்கிறார். என்ன சொல்வது?

பாட்டியின் அக்கறையை மதித்தே பேசுங்கள். குழந்தை மெலிவது பாலும் சத்தும் போதாமையாலோ, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்காலோ, வேறு நோயாலோ தான். தவளையின் பார்வையோ ஸ்பரிசமோ அதற்குக் காரணமன்று. மெலிந்த குழந்தையைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். எனினும் குழந்தையையும் தவளையையும் விலக்கி வைக்க வேறொரு மெய்யான காரணம் உண்டு. தவளைகள் நோயின்றியே சால்மொனெல்லா பாக்டீரியாவைச் சுமக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது கடும் வயிற்றுப்போக்கைத் தரும். தொட்டி குழந்தையின் அறையில் இருக்கக்கூடாது; தொட்டிப் பாத்திரங்களை அடுப்படித் தொட்டியில் கழுவக்கூடாது; தவளையைக் கையாண்டவர் கை கழுவாமல் குழந்தையைத் தூக்கக்கூடாது. ஆக, குழந்தையைத் தள்ளி வையுங்கள் என்ற அளவில் பாட்டி சொல்வதைக் கேட்பதே சரி.

எங்கள் கொல்லைத் தொட்டியிலேயே மரத்தவளை இருக்கிறது. அதையும் உள்ளே சேர்த்து விடலாமா?

கூடாது. கிணற்றடியிலும் குளியலறைச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு, மழைக்காலத்தில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வெண்ணுரைக் கூடு கட்டி முட்டையிடும் நம் ஊர் மரத்தவளை, கொல்லையில் இருந்தபடியே நன்றாக வாழ்கிறது. அதைப் பிடித்து அடைக்க ஒரு காரணமும் இல்லை. வைட்ஸ் தவளை தன் வாய்க்குள் அடங்கும் எந்தத் தவளையையும் விழுங்கிவிடும் என்பது ஒருபுறம். ஒன்றின் கிருமி மற்றொன்றுக்குத் தொற்றும் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். ஒரே இனமாக இருந்தாலும் அளவு ஒத்தவற்றையே சேர்த்து வையுங்கள்.

தனிமைக் காலம் எவ்வளவு? ஏன்?

வீட்டில் வேறு தவளைகள் இருந்தால், புதியதைத் தனி அறையில் குறைந்தது 60 நாட்கள் வைக்க வேண்டும். 90 நாட்கள் வைத்தால் இன்னும் நல்லது. கைட்ரிட் என்ற பூஞ்சை நோய் தவளைத் தோலைத் தடிப்பாக்கி, உப்பும் நீரும் தோல் வழியே செல்வதைத் தடுத்து, இறுதியில் இதயத்தை நிறுத்திவிடும். 1990-களின் இறுதியில் அறிவியலாளர்கள் இனங்கண்ட இந்தப் பூஞ்சை, உலகெங்கும் பல தவளை இனங்களை அழிவுக்குத் தள்ளியிருக்கிறது. ரானாவைரஸ் என்ற மற்றொரு தொற்றும் உண்டு. இரண்டும் வெளித்தோற்றத்தில் நலமாக இருக்கும் தவளையிடமிருந்தும் பரவும்.

இதனாலேயே, தொட்டித் தண்ணீரை வாய்க்காலிலும் குளத்திலும் வயலிலும் கொட்டாதீர்கள் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ப்ளீச் கரைசலைக் கலந்து ஒரு மணி நேரம் வைத்திருந்து, கழிவறையில் ஊற்றுங்கள். பயன்படுத்திய டிஷ்யூவை உறையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். வளர்க்க முடியாமல் போனால் தவளையை ஆற்றங்கரையில் விட்டுவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். சம்பா நடவின்போது வயல் முழுக்க ஒலிக்கும் தவளைகள் நெற்பயிரின் பூச்சிகளைத் தின்று வாழ்பவை. நம் செல்லத்தின் நோயை அவற்றுக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

எந்த அறிகுறிகளைக் கண்டால் மருத்துவரிடம் போக வேண்டும்?

வயிறும் தொடையும் சிவந்து தடித்தல். பகல் முழுவதும் தண்ணீரிலேயே கிடத்தல். தோல் துண்டு துண்டாக உரிந்து தொங்குதல். மல்லாத்தினால் திரும்ப முடியாமை. வயிறு பலூனாக உப்புதல். மலவாயில் சதை வெளித்தள்ளுதல். கண்கள் உள்ளே குழிதல். இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம். தோலை முழுவதாக உரித்துத் தானே தின்றுவிடுவது மட்டும் இயல்பான செயல். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

டெல்டாவில் கால்நடை மருத்துவர் பலர் மாடு, ஆடு, கோழியில் அனுபவம் பெற்றவர்கள். தவளை பார்க்கும் மருத்துவர் யார் என்பதைத் தவளை வாங்கும் முன்பே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து விசாரிக்கத் தொடங்கலாம். வாரம் ஒருமுறை டிஜிட்டல் தராசில் டப்பாவோடு நிறுத்து எடையைக் குறித்து வந்தால், மருத்துவருக்கு அதுவே பெரிய உதவி. புதிய எச்சத்தைச் சிறு டப்பியில் எடுத்துச் சென்று புழுப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். மனிதருக்கும் மாட்டுக்கும் தரும் மருந்துகளைக் கைக்கணக்கில் கொடுப்பது கேடு.

இரவில் கத்துகிறதே?

ஆண் தவளை. மழை இறங்கும் முன்னிரவில், வெளியே ஊர்த் தவளைகள் கத்தும்போது, உள்ளேயிருந்தும் குரல் வரும். நலமாக இருக்கிறது என்றே கொள்ளலாம்.

மண்ணும் செடியும் உள்ள நிலையான தொட்டிக்கு எப்போது மாற்றுவது?

ஒழுங்காகத் தின்று, எடை குறையாமல், எச்சம் கெட்டியாக வந்து, தனிமைக் காலமும் முடிந்த பிறகு. அடித்தளத்துக்குத் தேங்காய் நார்த்தூள் ஏற்றது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் எளிதில் கிடைக்கிறது. ஆனால் உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து எடுத்த தூளில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை ஊறவைத்துப் பிழிந்த பின்பே பயன்படுத்த வேண்டும். உரம் கலந்த தூள் கூடாது. தவளை விழுங்கக்கூடிய அளவுள்ள கூழாங்கல்லும் கூடாது. மணிபிளான்ட் கொடி தாராளமாகப் படர்ந்து நல்ல மறைவு தரும். நர்சரியில் வாங்கிய செடியை மண் முழுவதும் போகக் கழுவி, ஒரு மாதம் தனியே வைத்திருந்து நடுங்கள். பழைய தொட்டியிலிருந்த மூங்கில் துண்டு ஒன்றைப் புதிய தொட்டியிலும் வைத்தால், தவளை பெரும்பாலும் முதலில் அதையே தேடிப் போய் உட்காரும்.

பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போக வேண்டும். தனியாக விடலாமா?

நிலைகொண்ட, வளர்ந்த தவளையானால் இரை இல்லாமல் நான்கு நாள் இருக்கும். ஆனால் தண்ணீர் மாற்றாமல் இருக்க முடியாது. பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்து, நாள்தோறும் மாலையில் கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நீங்கள் தனியே வைத்துப் போன குடத்திலிருந்து மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். குழாயைத் திறந்து பிடித்து ஊற்றிவிடாமல் இருக்க, குடத்தின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். இரை போடும் பொறுப்பை அவர்களுக்குத் தர வேண்டாம். அன்பு மிகுதியால் அளவு மீறிப் போட்டுவிடுவார்கள். போகியன்று அதிகாலைப் புகை வீட்டுக்குள் வரும் தெருவாக இருந்தால், முந்தைய இரவே சன்னல்களை அடைத்துவைக்க அவர்களிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வந்து ஒரு மாதம்கூட ஆகாத தவளையை இப்படி விட்டுப் போகாமல், வீட்டில் ஒருவராவது தங்குவது நல்லது.